அத்தியாயம் 6: மதில் சுவருக்கு வெளியே தொடங்கும் திட்டம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த ஆறாம் நாள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சி.என்.சி. பட்டறைக்குப் போயிருந்தேன். தெருவில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்குள் தரை காய்ந்து கிடந்தது. உரிமையாளர் 2015 வெள்ளத்தில் அடிபட்டவர். அதன்பிறகு தரையை இரண்டரை அடி உயர்த்தி, வாசலில் பலகை செருக இரும்புக் காடி வைத்து, பம்பும் ஜெனரேட்டரும் வாங்கிப் போட்டிருந்தார். இந்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. ஆனாலும் எட்டு மெஷினும் நின்றுகொண்டிருந்தன.

அவர் கடைந்து தரும் பாகத்தை ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே உலை நனைந்துவிட்டது. ஆபரேட்டர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் தண்ணீர். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன பையன் காலி கேனோடு திரும்பியிருந்தான். "எனக்கு வந்த வெள்ளத்தைத் தடுத்துட்டேன் சார். பக்கத்துக்காரருக்கு வந்ததை என்னால தடுக்க முடியலையே" என்றார். பட்டறை முழுதாக ஓடத் தொடங்கியது பத்தொன்பதாம் நாள்.

அவர் சொன்ன அந்த வார்த்தையை நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. முந்தைய அத்தியாயங்களில் ஒரு தனி நிறுவனம் தன் தொழில் தொடர்ச்சித் திட்டத்தை, நாம் பேச்சில் பி.சி.பி. என்று சொல்வதை, எப்படி எழுதுவது என்று பார்த்தோம். ஐ.எஸ்.ஓ. 22301 தரநிலை கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். தொழிற்பேட்டையில் அது மட்டும் போதாது. இங்கே திட்டத்தின் அலகு தெரு; முடிந்தால் பேட்டை முழுவதும்.

ஒரு பாகத்தின் பின்னால் நடந்து பாருங்கள்

அம்பத்தூர் பேட்டை 1964இல் தொடங்கியது. கிண்டி அதற்கும் மூத்தது, 1958. இரண்டிலும் தொழில் வளர்ந்த விதம் ஒன்றுதான்: ஒருவர் கடைவார், இன்னொருவர் கிரைண்டிங் செய்வார், மூன்றாமவர் முலாம் பூசுவார். ஒரு ஷாஃப்ட் வண்டிக் கம்பெனிக்குப் போய்ச் சேருவதற்குள் டெலிவரி சலானோடு குட்டியானையில் ஏறி நாலைந்து வாசல் பார்த்துவிடும். இந்த நெருக்கம்தான் பேட்டையின் பலம். வெள்ளம் வரும் நாளில் அதே நெருக்கம் எல்லோரையும் சேர்த்து இழுக்கிறது.

அதனால் முதல் பயிற்சி இது. உங்களுக்கு அதிக வருமானம் தரும் மூன்று பாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கச்சாப்பொருளாக வந்து இறங்கும் இடத்திலிருந்து ஏற்றுமதி வண்டி ஏறும் வரை எந்தெந்த வாசலுக்குப் போகிறதோ, அங்கெல்லாம் நீங்களே நடந்து போங்கள். கணினியில் உட்கார்ந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். கேஜ்களைச் சரிபார்த்துத் தரும் லேப், ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவரும் ஏஜென்சி, ஒடிந்த டூலைத் தீட்டித் தரும் பெரியவர் இவர்களெல்லாம் பர்ச்சேஸ் லெட்ஜரில் சின்னச் சின்னத் தொகைகளாகத்தான் தெரிவார்கள். இவர்களில் ஒருவர் ஒரு வாரம் இல்லையென்றால் உங்கள் லைன் நிற்குமா என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுப் பாருங்கள். நிற்கும் என்றால் அந்த வாசல் உங்கள் திட்டத்துக்குள் வர வேண்டும்.

உலகுக்கே இதைக் காட்டிய இடம் தாய்லாந்து. 2011 அக்டோபர் 4 முதல் 20 வரை சாவ் பிரயா ஆற்று வெள்ளம் வடக்கிலிருந்து தெற்காக இறங்கி, அயுத்தயா, பதும் தானி மாகாணங்களில் பெரிய தொழிற்பேட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. பேட்டைகளைச் சுற்றி மண்கரை எழுப்பிப் பார்த்தார்கள். கரை உடைந்ததும் பேட்டை தொட்டியாக மாறியது. உள்ளே போன தண்ணீர் வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. ரோஜனா பேட்டையிலிருந்த ஹோண்டா ஆலை மறுபடி கார் தயாரிக்கத் தொடங்கியது 2012 மார்ச்சில். தாய்லாந்திலிருந்து வர வேண்டிய மின்னணுப் பாகங்கள் வராததால் அதே நிறுவனத்தின் வட அமெரிக்க ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. பாங் பா-இன் பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், தண்ணீருக்குள் கிடந்த கருவிகளை முக்குளிப்பவர்களை இறக்கி மேலே கொண்டுவந்தது. நாடு முழுக்கச் சேதமும் இழப்பும் சேர்த்து சுமார் 4,650 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது.

அந்த அடிக்குப் பிறகு ஜப்பானின் ஜைக்கா அமைப்பு, ஆசியான் நாடுகளோடு சேர்ந்து 2013இல் 'வட்டார பி.சி.பி.' என்ற முறையை வளர்க்கத் தொடங்கியது. இந்தோனேசியாவின் பெகாசி–கரவாங், வியட்நாமின் ஹாய் போங், பிலிப்பைன்ஸின் கவித்தே–லகுனா–மணிலா ஆகிய தொழில் வட்டாரங்களில் சோதித்தார்கள். சாலை, மின்சாரம், தண்ணீர், துறைமுகம் என எல்லோருக்கும் பொதுவானவற்றுக்கு நிறுவனங்களும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். நம் பேட்டைகளில் உற்பத்தியாளர் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே மேசை இருக்கிறது.

டியூப் லெவலோடு ஒரு சனிக்கிழமை

பேட்டை வரைபடத்தில் வண்ணம் தீட்டுவதைவிட எனக்கு நம்பிக்கையான கருவி, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல்: ஐம்பது அடி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். உங்கள் தெருவில் 2015இலோ 2023இலோ வெள்ளம் ஏறிய கறை இன்னும் தெரியும் சுவர் ஒன்று இருக்கும். இல்லையென்றால் வயதான வாட்ச்மேனைக் கேளுங்கள், விரலை வைத்துக் காட்டுவார். குழாயின் ஒரு முனையை அந்தக் கறையில் பிடித்து, மறுமுனையை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். தூரம் அதிகமென்றால் நடுவில் ஒரு தூணில் கோடு போட்டு அங்கிருந்து தொடருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. இருந்தால் கணக்கு தப்பும்.

தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சுவரில், தூணில், ஒவ்வொரு மெஷினின் உடம்பிலும் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுங்கள். அப்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். கம்ப்ரஸர் மோட்டார் கோட்டுக்குக் கீழே இருக்கும். ஜெனரேட்டர், சத்தம் என்று சொல்லி முற்றத்தின் தாழ்ந்த மூலையில் வைக்கப்பட்டிருக்கும். நான் போன ஒரு தெருவில் பதினான்கு கூடங்களில் ஒன்பதில் மெயின் பேனலின் அடிப்பாகம் கோட்டுக்குக் கீழே இருந்தது. மெஷினை உயர்த்த லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள் அவர்கள். நனைந்தால் பட்டறையே நிற்கும் என்ற பொருள்களில் எது ஆகத் தாழ்வாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் பட்டறையின் உண்மையான உயரம். அதை முதலில் தூக்குங்கள்.

பிறகு தெருவுக்கு வாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் மேடை எந்த உயரத்தில் இருக்கிறது? தெருவுக்கு ஒரே வழி கல்வெட்டின் மேலே போகிறதா? தண்ணீர் மின்சாதனத்தை எட்டும் முன்பே மின்வாரியம் சப்ளையை நிறுத்திவிடும், அதுதான் சரியும்கூட. ஆகவே உங்கள் வாசலில் தண்ணீர் வரும் நேரத்தைவிட மின்சாரம் போகும் நேரம்தான் முதலில் வரும். இதை மறந்தவர்கள் அதிகம். ஆயிரம் கிலோ டையைத் தரையிலிருந்து தூக்கி ரேக்கில் வைக்க ஹாய்ஸ்ட் வேண்டும், ஹாய்ஸ்டுக்கு மின்சாரம் வேண்டும்.

நிறுத்தும் நேரம்

ஒவ்வொரு வேலையையும் பாதுகாப்பாக நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள். லேத்துக்குச் சில நிமிடம். உலைகளுக்கு அப்படியில்லை. உருகிய உப்பு நிரம்பிய சால்ட் பாத்திலோ, உருகிய அலுமினியம் இருக்கும் உலையிலோ தண்ணீர் புகுந்தால் நொடியில் ஆவியாகி வெடித்துச் சிதறும். அவற்றைக் காலி செய்ய, குளிரவைக்க மணிக்கணக்கில் ஆகும். முலாம் பூசும் கூடங்களில் சயனைடு கரைசலும் அமிலமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. வெள்ளத்தில் தொட்டிகள் வழிந்து இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது அந்தக் கூடத்தின் பிரச்சினை மட்டுமில்லை. அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து போகும் ஒவ்வொருவரின் உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டு வகைக் கூடங்களும் தங்களிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்துக் கூடங்களுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் தர வேண்டும். வியாபார ரகசியம் என்று இதில் எதையும் மறைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காலியான டிரம்களும் கேஸ் சிலிண்டர்களும் மிதந்து போகும், சங்கிலி போடுங்கள். நிலத்தடி டீசல் டேங்க் காலியாக இருந்தால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். மழைக்காலத்தில் நிரப்பியே வையுங்கள்.

நிறுத்தும் நேரம் தெரிந்த பிறகுதான் எச்சரிக்கைக்குப் பொருள் வரும். உங்கள் பேட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் இருப்பவர்கள் அடையாற்றையும் செம்பரம்பாக்கத்தையும் பார்க்க வேண்டும். 24 அடி ஆழமுள்ள அந்த ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அன்றைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை. அம்பத்தூர்க்காரர்கள் பார்க்க வேண்டியது அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளையும் அவற்றின் உபரிநீர்க் கால்வாய்களையும். வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை மாவட்டத்துக்கே பொதுவானது. உங்கள் தெருவுக்கென்று ஓர் அளவுகோல் வேண்டும். தெருமுனைக் கல்வெட்டின் சுவரில் மூன்று பட்டை அடியுங்கள். மஞ்சளைத் தொட்டால் உலைக்காரர்கள் நிறுத்தத் தொடங்குவார்கள். ஆரஞ்சைத் தொட்டால் டை, ஜிக், கேஜ் எல்லாம் மேலே ஏறும். சிவப்பு என்றால் ஆட்கள் வெளியேற வேண்டும், பொருள் எது மிச்சம் கிடந்தாலும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே கிடைக்கும் நேரம் உங்கள் தெருவின் மிக நீண்ட நிறுத்தும் நேரத்தைவிடக் குறைவு என்றால், மஞ்சள் பட்டையைக் கீழே இறக்குங்கள். இரவில் அதைப் பார்க்கப் போகும் காவலாளி யார், அவர் யாரை எழுப்புவார் என்று பெயரோடு எழுதி வையுங்கள்.

ஆட்கள்

2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. மறைமலைநகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்களால் வந்து சேர முடியவில்லை என்பதே காரணம்.

ஒவ்வொரு தொழிலாளியும் எங்கே குடியிருக்கிறார், அங்கே தண்ணீர் நிற்குமா, வேறு யாருடைய வேலையை அவரால் பார்க்க முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மெஷினுக்கு ஒரே ஆள்தான் என்ற நிலை பல பட்டறைகளில் இருக்கிறது. அந்தத் துளையை வெயில் காலத்திலேயே அடைக்கலாம்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து பட்டறைக்குள்ளேயோ பக்கத்துத் தரைத்தள அறையிலோ படுத்துத் தூங்கும் பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அவர்களுடைய பாய். எச்சரிக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில் போக வேண்டும். எந்தக் கட்டடத்தின் மாடிக்கு அவர்கள் ஓடலாம், அதன் சாவி யாரிடம் என்பது தெருவுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெருவில் மாடிக் கட்டடம் வைத்திருப்பவரிடம் இதைக் கேளுங்கள். நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கையில் ரொக்கமும் வேண்டும். 2015இல் செல்போன் கோபுரங்களும் ஏ.டி.எம்.களும் சேர்ந்தே படுத்தன. ஒரு வாரச் சம்பளத்தில் பாதியாவது நோட்டாக இருந்தால், வீட்டில் பாத்திரம்கூட மிஞ்சாத ஆள் உங்கள் பட்டறைக்குத் திரும்பி வர முடியும்.

தண்ணீர் வடிந்த பிறகு

மிகப் பெரிய நஷ்டம் பல நேரம் தண்ணீரால் வருவதில்லை, அவசரத்தால் வருகிறது. மேலே காய்ந்துவிட்டது என்று சுவிட்சைப் போடுவார்கள். காயிலுக்குள் ஈரம் இருக்கும். ஒரு நிமிடத்தில் புகைந்துவிடும். கழுவிக் காயவைத்தால் பிழைத்திருக்கக்கூடிய மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும்.

வரிசை இதுதான். மோட்டாரைக் கழற்றி நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். பேரிங்கைக் கழற்றுங்கள், பழைய கிரீஸில் மண் இருக்கும், அதை நம்ப வேண்டாம். சூட்டு அறையில் மிதமான சூட்டில் மெதுவாகக் காயவிடுங்கள். 500 வோல்ட் மெக்கரை வைத்து, வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி சூட்டுக்குப் போகட்டும். முள் ஏறிக்கொண்டே வருகிறதா என்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். ஏறி ஒரே அளவில் நிலைத்த பிறகு இணைப்புக் கொடுங்கள். டிரைவ், பி.எல்.சி. கார்டுகளை அதற்குரிய ஆள் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

தெருவில் முன்னூறு மோட்டார் நனைந்திருக்கும், ரீவைண்டிங் கடை இரண்டு இருக்கும். முதல் நாளே கடை வாசலில் மோட்டார்கள் மலையாகக் குவியும்; பேப்பரில் எழுதி ஒட்டிய பெயர் ஈரத்தில் அழிந்து, யாருடையது எது என்று தகராறு வரும். பிடித்த பட்டறை ஏழு மோட்டாரைக் காயவைத்து வாங்கிப் போகும், பிடிக்காதவர் ஒன்றுக்குக் காத்திருப்பார். இதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்யலாம். கூடத்தின் எண்ணை ஒவ்வொரு மோட்டாரின் உடம்பிலும் இப்போதே உளியால் பதியுங்கள். முதல் சுற்றில் ஒரு கூடத்துக்கு இரண்டு மோட்டார் மட்டும். அதிலும் முதலிடம், பலருக்கு வேலை செய்து தரும் ஹீட் ட்ரீட்மெண்ட், கிரைண்டிங் கூடங்களுக்கு. அவர்கள் ஓடினால்தான் மற்றவர்கள் ஓட முடியும். பெரிய கம்பெனிக்காரர் இதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்குவார். முதல் பயிற்சியில் நடந்து வரைந்த வரைபடத்தை அவர் முன்னால் விரியுங்கள்.

நனையாத சி.என்.சி. மெஷினுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கண்ட்ரோலரின் பாராமீட்டர்களைப் பல மாடல்களில் ஒரு சின்ன பேட்டரிதான் காத்துவருகிறது. பேட்டரி பழசாக இருந்து மின்சாரமும் பல நாள் இல்லாமல் போனால் எல்லாம் அழிந்துவிடும். சர்வீஸ் இன்ஜினியர் ஊர் முழுக்கத் தேவைப்படும் வாரம் அது. அக்டோபர் முதல் வாரம் பேட்டரியை மாற்றுங்கள், மெஷின் ஆனில் இருக்கும்போதே. பாராமீட்டரையும் புரோகிராமையும் கார்டில் எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள்.

வேறு ஆற்றுப் படுகையில் ஒரு நண்பர்

பேட்டை முழுக்க நின்றுவிட்டால் வேலையை எங்கே கொண்டுபோவது? ஒரே மழையில் நனையாத ஊரில் உங்களைப் போன்ற ஒரு கூடத்தோடு ஒப்பந்தம் வையுங்கள். சென்னைக்காரருக்கு ஓசூரோ கோவை குறிச்சியோ, தூத்துக்குடிக்காரருக்குச் சேலமோ. 'எனக்கு வந்தால் நீங்கள், உங்களுக்கு வந்தால் நான்' என்பது கைகுலுக்கலோடு நிற்கக்கூடாது: எந்தப் பாகம், வாரத்துக்கு எத்தனை, என்ன விலை, வாடிக்கையாளரை நேராகப் பிடிக்க மாட்டோம் என்ற உறுதி, எல்லாம் எழுத்தில். வண்டிக் கம்பெனிகளின் பாகம் என்றால் வேறு இடத்தில் செய்வதற்கு அவர்களுடைய பி.பி.ஏ.பி. ஒப்புதல் வேண்டும். வெள்ள வாரத்தில் அது கிடைக்காது. அமைதியான மாதத்தில் நூறு பாகத்தை அங்கே ஓட்டி, ஒப்புதலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இன்சூரன்ஸுக்கு அடுத்த அத்தியாயம் முழுதும் இருக்கிறது. இங்கே மூன்று மட்டும். 2021 ஏப்ரல் முதல் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசிகள் இருக்கின்றன. வெள்ளம் அவற்றில் சேர்ந்தே வரும். வேலை நின்ற நாட்களின் லாப இழப்புக்குத் தனிப் பாலிசி வேண்டும். அதிலும் பக்கத்துக் கூடம் நனைந்ததால் நீங்கள் நின்றதை, அதற்கான கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் ஒழிய, கணக்கில் எடுக்க மாட்டார்கள். வாடிக்கையாளரின் டை உங்கள் கூடத்தில் இருந்தால் அது யாருடைய பாலிசியில் என்பதை இருவரும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். சேற்றைக் கழுவும் முன் சுவர்க் கறை தெரியும்படி படம் எடுக்கவும் மறக்காதீர்கள்.

ஒத்திகை

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், கல்வெட்டுக் காவலாளியை மஞ்சள் என்று அழைக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் போனை எடுக்கிறார்கள், எந்த எண் பழசு, யாருடைய மாடிச் சாவி கிடைக்கவில்லை என்று எண்ணுங்கள். ஒரே ஒரு டையை ஹாய்ஸ்டில் தூக்கி ரேக்கில் வைத்து நேரம் பாருங்கள். அதை மொத்த டைகளால் பெருக்குங்கள். பலகைகளை வாசல் காடியில் செருகிப் பாருங்கள், ஓராண்டுத் துருவில் பாதி இறங்காது. அடுத்த நாள் ஞாயிறு. கிரீஸ் டப்பாவும் உப்புத்தாளும் வாங்கி வந்து, அந்தக் காடிகளிலிருந்து தொடங்குங்கள்.